கேமராவ ரூம்லயே வச்சிட்டு வாங்கண்ணே

அந்தமான்ல ஹேவ்லாக் தீவுல டைவ் அடிச்சு கடலுக்கடியில நான் எடுத்த படங்கள்லயே ரொம்ப ஷார்ப்பா வந்தது ஒன்னு இருக்கு, அத இதுவரைக்கும் எங்கயும் போட்டதில்ல. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு நூடிபிராங்க், ஓடு இல்லாத கடல் நத்தைன்னு வச்சுக்கங்க, நீலமும் மஞ்சளும் கலந்த உடம்பு, தலையில ரெண்டு குட்டிக் கொம்பு, கொம்புல இருக்கற மடிப்பு மடிப்பான வரிகூடத் தெரியும். படத்தோட வலது ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி கொஞ்சம் பறந்துட்டு இருக்கும். பார்க்கறவங்க மணல்னு நினைப்பாங்க. மணல் இல்ல, என் ஃபின், அதான் கால்ல மாட்டற துடுப்பு, பட்டு ஒடிஞ்ச பவளத்தோட தூள். ஒடியற சத்தம் காதுல நல்லாவே கேட்டுச்சு, கேட்ட பிறகும் ரெண்டு ஷாட் அடிச்சேன். இத நான் எழுதறதே அந்த ரெண்டு ஷாட்டுக்காகத்தான்.

நான் தூத்துக்குடிக்காரன், வேலை சென்னையில. எங்க பெரியப்பா சங்கு குளிச்சவர். மொதல்ல மூச்சடக்கிப் போயிட்டு இருந்தாங்க, அப்புறம் போட்ல கம்ப்ரஸர் வச்சு அதுல இருந்து வர்ற ஹோஸ வாயில கடிச்சுக்கிட்டு இறங்க ஆரம்பிச்சாங்க. எங்க பழைய வீட்டோட பின்சுவர் முருகைக்கல்லுல கட்டினது, சின்ன வயசுல அதுல இருக்கற ஓட்டை ஓட்டையான நட்சத்திர டிசைன விரலால தடவிக்கிட்டே உக்காந்திருப்பேன், அது ஒரு காலத்துல உயிரோட இருந்த பவளம்னு யாரும் சொன்னதில்ல, எனக்கும் கேக்கத் தோணல. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருந்துச்சு, பல வருஷம் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறைய வெட்டி எடுத்ததுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ளயே போயிருச்சு. 2001-லதான் பவளத்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்தாங்க, புலிக்கு இருக்கற அதே பாதுகாப்பு. இதெல்லாம் நான் தெரிஞ்சுக்கிட்டது ஹேவ்லாக் போயி வந்ததுக்கு அப்புறம். வீட்டு வாசல்ல கடல வச்சுக்கிட்டு அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க நான் அந்தமான் போக வேண்டியதா இருந்துச்சு.

மொத தடவ போனது 2020 ஜனவரி. சென்னையில இருந்து போர்ட் பிளேர் ரெண்டு மணி நேர ஃப்ளைட், அங்க இருந்து கப்பல்ல ஹேவ்லாக். 2018 கடைசியிலயே ஸ்வராஜ் த்வீப்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா டைவ் அடிக்கறவங்க எல்லாருமே இன்னும் ஹேவ்லாக்னுதான் சொல்றாங்க. ஓப்பன் வாட்டர் கோர்ஸ், 18 மீட்டர் வரைக்கும் போறதுக்கான லைசென்ஸ் மாதிரி. கரையில இருந்தே நடந்து இறங்கற நீமோ ரீஃப்ல பயிற்சி. மாஸ்க்ல தண்ணிய விட்டு மூக்கால ஊதி வெளியேத்தணும், டேங்க்ல இருந்து மூச்சு இழுக்கற ரெகுலேட்டர கழட்டி மறுபடி வாயில வைக்கணும், இப்படி. நீச்சல் சுமாரா தெரிஞ்சாலே போதும், தண்ணிக்குள்ள பதட்டப்படாம இருக்கறதுதான் பெருசு. மூச்ச மட்டும் எப்பவுமே அடக்கக் கூடாது, அதுதான் மொத விதி. 10 மீட்டர் இறங்கினா அழுத்தம் ரெட்டிப்பு, அங்க நெஞ்சு நிறைய காத்த வச்சுக்கிட்டு மேல வந்தா அது விரிஞ்சு நுரையீரலையே கிழிச்சிரும். பெரியப்பா பழகினதுக்கு நேர் எதிரு இது. அவருக்கு மூச்ச அடக்கறதுதான் தொழிலே.

அந்த ட்ரிப்ல எனக்கு அடிபட்டது காது. ரெண்டாவது நாள் காலையில மூக்கு அடைச்ச மாதிரி இருந்துச்சு, காசு கட்டியாச்சு, லீவு போட்டாச்சு, விட மனசு வரல, யார்கிட்டயும் சொல்லாம இறங்கிட்டேன். 3 மீட்டர்லயே காதுக்குள்ள ஊசி குத்தற மாதிரி வலி, மூக்க பிடிச்சு ஊதி ஊதிப் பார்த்தேன், இடது காது தொறக்கவே இல்ல, இருந்தாலும் தம் கட்டி இன்னும் கொஞ்சம் இறங்கினேன். மேல வந்து மாஸ்க்க கழட்டினா உள்ள ரத்தம். அப்புறம் மூனு நாள் கரையில உக்காந்து மத்தவங்க டைவ் கதைய கேட்டுட்டு இருந்தேன், கோர்ஸ முடிக்க லீவ நீட்டிக்க வேண்டியதாப் போச்சு. சளி இருந்தா இறங்காதீங்க, அவ்வளவுதான். மாத்திரை போட்டு மூக்க தொறந்துக்கிட்டு போறதும் வேண்டாம், கீழ இருக்கும்போது மாத்திரையோட வேகம் குறைஞ்சா மேல வர்றப்ப காத்து மாட்டிக்கும். காத சரி பண்றத வலி வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், தண்ணிக்குள்ள தலை போன உடனே ஒரு தடவ, அப்புறம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவ. வலி வந்துட்டா ஒரு மீட்டர் மேல ஏறி சரி பண்ணிட்டு இறங்குங்க, ஊதித் தள்ளப் பார்க்காதீங்க.

கொரோனா எல்லாம் முடிஞ்சு 2023 ஜனவரியில ரெண்டாவது ட்ரிப். இந்தத் தடவ கையில கேமரா. ஒலிம்பஸ் டிஜி-6, தனியாவே 15 மீட்டர் வரைக்கும் தண்ணி தாங்கும், ஹவுசிங், அதான் தண்ணி புகாத கூடு, மேல போட்டா 45 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் கிட்ட போனாலும் ஃபோகஸ் ஆகும், குட்டி குட்டி உயிரினங்கள எடுக்கறதுக்கு அந்த விலையில அருமையான கேமரா. அதுவரைக்கும் நான் அடிச்சிருந்தது மொத்தமே ஆறு டைவ், நடுவுல மூனு வருஷ இடைவெளி வேற. இன்ஸ்ட்ரக்டர் தம்பி போர்ட் பிளேர்ல பொறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், தாத்தா காலத்துலயே ராமநாதபுரத்துல இருந்து போனவங்க, நம்ம ஊர்க்காரர்னு தெரிஞ்சதும் நல்லா பழகிட்டான். மொத நாள் கேமராவ பார்த்துட்டு "அண்ணே, இன்னிக்கு இது இல்லாம ஒரு ரவுண்டு போவோமா"ன்னு கேட்டான். நான் வேண்டாம்னுட்டேன். நாலு நாள்தான் இருக்கு, ஒரு நாள வீணாக்கணுமான்னு தோணுச்சு.

லைட்ஹவுஸ்னு சொல்ற ஸ்பாட், ஆழம் 10 மீட்டர் சொச்சம். தம்பி கல்லு ஓரத்துல அந்த நூடிபிராங்க காட்டினான். நான் தலைகீழா கவுந்து கேமராவ கிட்ட கொண்டு போனேன். ஃப்ரேம் ஆடாம இருக்கணும்னு என்னை அறியாமலே மூச்ச இழுத்துப் பிடிச்சேன், நெஞ்சுல காத்து நிறைஞ்சா உடம்பு மேல போகும், மேல போனதும் பதறி முழுக்க விட்டேன், இப்ப கல்லு மாதிரி இறங்கறேன், இறங்காம இருக்க கால உதைச்சேன். டக்னு ஒரு சத்தம். தண்ணிக்குள்ள சத்தம் காத்துல போறத விட நாலு மடங்குக்கு மேல வேகமாப் போகும், எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னே தெரியாது, தலைக்குள்ளயே கேக்கற மாதிரி இருக்கும். எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சு அது என் கால்தான்னு. ஷட்டர அமுக்கினேன். இன்னொரு தடவ அமுக்கினேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன், மான் கொம்பு மாதிரி கிளை விட்ட பவளம், ஒரு சாண் நீளத்துக்கு ஒடிஞ்சு மணல்ல கெடக்கு, ஒடிஞ்ச இடம் மட்டும் பல்லு மாதிரி வெள்ளையா இருக்கு.

போட்ல ஏறினதுக்கு அப்புறம் தம்பி திட்டுவான்னு எதிர்பார்த்தேன். திட்டல. டீ ஊத்திக் கொடுத்துட்டு பக்கத்துல உக்காந்து சொன்னான், "அண்ணே, 2010-ல நான் ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன், ஏப்ரல் மே மாசத்துல தண்ணி சூடாகி இந்த ரீஃப் பூராவும் வெளுத்துப் போச்சு, ஸ்னார்க்கல் போட்டுப் பார்த்தா சுடுகாட்டுல எலும்பு கெடக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் 2016-ல மறுபடி. நீங்க ஒடிச்சது அதுக்கெல்லாம் தப்பிச்சு வந்ததுண்ணே." அவ்வளவுதான் சொன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "நாளைக்கும் நாளான்னிக்கும் கேமராவ ரூம்லயே வச்சிட்டு வாங்கண்ணே"ன்னான்.

பவளம் செடி இல்ல, கல்லும் இல்ல. நகம் அளவு, அதவிடச் சின்னதா இருக்கற விலங்குகள் ஆயிரக்கணக்குல சேர்ந்து சுண்ணாம்புல கட்டின குடியிருப்பு. அதுங்க உடம்புக்குள்ள குடியிருக்கற நுண்பாசிதான் வெயில வச்சு சாப்பாடு செஞ்சு குடுக்குது, கலரும் அந்தப் பாசியால வர்றதுதான். வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல ஒரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே இருந்தா போதும், பாசிய வெளிய தள்ளிரும், அதத்தான் வெளுப்புன்னு சொல்றோம். வெளுத்த உடனே செத்துடாது, தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா திரும்பி வரும், குளிரலைன்னா பட்டினி கெடந்து சாகும். கிளை விடற வகை வருஷத்துக்கு 10 சென்டிமீட்டர் சுமாருக்கு வளரும், உருண்டையா பாறை மாதிரி இருக்கற வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். கார் சைசுக்கு ஒன்ன பார்த்தீங்கன்னா அது நம்ம கொள்ளுத் தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே அங்க இருந்திருக்கும். அது மேல ஒருத்தர் முட்டி போட்டு உக்காந்து செல்ஃபி வீடியோ எடுத்தத நான் கண்ணால பார்த்திருக்கேன், அன்னிக்கு அவரைப் பார்த்து கோபப்பட எனக்கு வாய் வரல.

சரி, அந்த ரெண்டு நாள் என்ன பண்ணினோம்ங்கறத விவரமா சொல்றேன், ஏன்னா கேமரா வாங்கற எல்லாரும் கேக்க வேண்டியது இதுதான், எந்த லென்ஸ் எந்த லைட்டுங்கறது எல்லாம் அப்புறம்.

மொத வேலை வெயிட் சரி பார்த்தது. எனக்கு இடுப்புல 8 கிலோ கட்டியிருந்தாங்க, புதுசா வர்றவங்க மேல மெதந்துடக் கூடாதுன்னு கொஞ்சம் கூடவே கட்டறது நிறைய இடத்துல வழக்கம். அதிக வெயிட் இருந்தா மெதக்கறதுக்காக மாட்டியிருக்கற காத்து ஜாக்கெட்ல அதிகமா காத்து அடிக்கணும், அந்தக் காத்து ஆழம் மாறும்போதெல்லாம் விரிஞ்சு சுருங்கி உங்கள யோ-யோ மாதிரி ஆட்டும், காலும் கீழ தொங்கும். டைவ் முடிஞ்சு டேங்க்ல காத்தோட அழுத்தம் 50 பாருக்கு இறங்கியிருக்கும்போது ஜாக்கெட்ட முழுக்க காலி பண்ணிட்டு சாதாரணமா மூச்ச இழுத்து நிறுத்தினா தண்ணி மட்டம் கண்ணுக்கு நேரா நிக்கணும், மூச்ச விட்டா மெல்ல இறங்கணும். டேங்க் நிறைஞ்சிருக்கும்போது பார்த்தா கணக்கு தப்பும், ஏன்னா உள்ள இருக்கற காத்தே ரெண்டு கிலோவுக்கு மேல எடை, அலுமினிய டேங்க் காலியாக ஆக மெதக்க ஆரம்பிக்கும். பார்த்துட்டு 8 கிலோவ 5 ஆக்கினோம். அன்னிக்கே பாதி பிரச்சனை தீர்ந்துருச்சு.

அப்புறம் வெறும் மணல் இருக்கற இடமா பார்த்து கூட்டிட்டுப் போயி, கைய கட்டிக்கிட்டு தரைக்கு ஒரு முழம் மேல அஞ்சு நிமிஷம் அசையாம நிக்கச் சொன்னான். நிக்கறதுன்னா படுத்த வாக்குல, வயிறு தரையப் பார்த்து, முட்டி மடங்கி ஃபின் மேல தூக்கி. மொத தடவ அஞ்சு நிமிஷத்துல எத்தனை தடவ மணல்ல மோதினேன்னு எண்ண முடியல. ரகசியம் மூச்சுலதான் இருக்கு. இழுத்தா உடனே ஏற மாட்டோம், ரெண்டு மூனு செகண்ட் கழிச்சுதான் ஏறுவோம், அதனால ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மெதுவா விட ஆரம்பிக்கணும். தொட்டில ஆட்டற மாதிரி, அது திரும்பற நேரம் பார்த்து கை குடுக்கணும். காலும் மேலயும் கீழயும் அடிக்காம தவளை மாதிரி பக்கவாட்டுல தள்ளி கொஞ்ச தூரம் வழுக்கிப் போறது, அப்படிப் போனா மணல் கிளம்பாது, கீழ இருக்கறது எதுலயும் படாது. பின்னால போகவும் அதே தவளைக் கால திருப்பிப் போடலாம், எனக்கு அது வர ஒரு வருஷம் ஆச்சு, ஆனா போட்டோ எடுக்கறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம், படம் எடுத்து முடிச்சுட்டு கைய ஊனி தள்ளாம பின்வாங்கத் தெரியணும்.

நாலாவது நாள் கேமராவ எடுத்துட்டுப் போனேன். அன்னிக்கு எடுத்தது மொத்தமே பன்னெண்டு படம். மொத நாள் இருநூத்தி சொச்சம்.

இப்ப படம் எடுக்கற விஷயத்துக்கு வர்றேன். தண்ணி சிவப்ப தின்னுரும். 5 மீட்டர்லயே சிவப்பு மங்கிரும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியில நீலமும் பச்சையும்தான் மிச்சம். அந்த ட்ரிப்லயே ஒரு ஆழமான டைவ்ல விரல்ல கீறி ரத்தம் வந்துச்சு, பச்சையா கசிஞ்சுது, ஒரு நிமிஷம் எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னே நினைச்சேன். இதுல நிறைய பேர் விடறது என்னன்னா ஆழம் மட்டும் கணக்கு இல்ல, கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவுல இருக்கற தண்ணியும் கணக்கு. அதனால கிட்ட போங்க, இன்னும் கிட்ட. ஜூம் பண்ணாதீங்க, ஜூம் பண்ணினா நடுவுல இருக்கற தண்ணியையும் சேர்த்துத்தான் எடுக்கறீங்க. ஒரு மீட்டருக்கு மேல தூரம் இருந்தா நான் இப்பெல்லாம் ஷட்டர தொடறதே இல்ல, கண்ணால பார்த்துட்டு வந்துருவேன்.

கேமராவோட சொந்த ஃபிளாஷ ஆஃப் பண்ணிருங்க. லென்ஸுக்கு பக்கத்துல இருந்து வெளிச்சம் போறதால நடுவுல மெதக்கற தூசி எல்லாம் பளபளன்னு மின்னி, படம் பூரா பொரி தூவின மாதிரி ஆயிரும். ஸ்ட்ரோப், அதான் கேமராவுக்கு வெளிய தனியா மாட்டற ஃபிளாஷ், வாங்க முடிஞ்சா அத கைய நீட்டின மாதிரி பக்கவாட்டுல தள்ளி வச்சு, நேரா பொருள் மேல அடிக்காம வெளிச்சத்தோட ஓரம் மட்டும் பொருள் மேல படற மாதிரி வைங்க. வாங்க முடியலையா, ஆழம் கம்மியான இடத்துல வெயில் உச்சியில இருக்கும்போது எடுங்க, எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்ற வைட் பேலன்ஸ அங்கேயே செட் பண்ணுங்க, நான் வெள்ளை ஸ்லேட்டு ஒன்ன ஜாக்கெட் பாக்கெட்ல வச்சிருக்கேன், ஆழம் மாறும்போதெல்லாம் அத ஒரு தடவ காட்டி செட் பண்ணிக்கறது. ரா ஃபார்மட்ல எடுத்தா வீட்டுக்கு வந்து சிவப்ப கொஞ்சம் மீட்கலாம். மேல இருந்து கீழ பார்த்து எடுக்கற படம் தட்டையா வரும், மீனோட கண் மட்டத்துக்கு இறங்கி, முடிஞ்சா கொஞ்சம் மேல் நோக்கி எடுங்க, பின்னால நீலம் வந்துரும். ஆனா அந்த மட்டத்துக்கு இறங்கறதுக்குத்தான் நான் மேல சொன்ன அஞ்சு நிமிஷப் பயிற்சி.

துரத்தாதீங்க. இத தனியா சொல்லணும். கோமாளி மீன் கடல் சாமந்திக்குள்ள, அதான் பூ மாதிரி இருக்கற அனிமோன்ங்கற உயிரினம், அதுக்குள்ள புகுந்து புகுந்து வெளிய வரும், அஞ்சு நிமிஷம் அசையாம பார்த்தீங்கன்னா அதுல ஒரு தாளம் இருக்கறது தெரியும், எந்த இடத்துல எட்டிப் பார்க்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சுரும், அங்க ஃபோகஸ வச்சுக்கிட்டு காத்திருந்தா போதும். ஒரு கூட்டத்துல பெருசா இருக்கறது பொம்பள, அடுத்தது ஆம்பள, மிச்சம் குட்டிங்க, அந்தப் பெருசு செத்துப் போனா ஆம்பள பொம்பளயா மாறிரும். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு பார்த்தா எந்த மீன் யாருன்னு ஒரு குடும்பமே கண் முன்னாடி நடக்கும். ஒரு டைவ் முழுக்க ஒரே சாமந்தி முன்னாடி இருந்திருக்கேன். ஆமை மேய்ஞ்சுட்டு இருந்தா பக்கவாட்டுல தள்ளி இருங்க, மேல போற வழிய மறைக்காதீங்க, அது மூச்சு வாங்க மேல போயாகணும். பெரிய கிளாத்தி மீன், டைட்டன் ட்ரிக்கர்னு சொல்றது, மணல்ல குழி பறிச்சு முட்டை வச்சிருந்தா யாரா இருந்தாலும் கடிக்க வரும், அதோட எல்லை குழியில இருந்து மேல புனல் மாதிரி விரிஞ்சு போகும், அதனால மேல ஏறி தப்பிக்கப் பார்த்தா அதோட எல்லைக்குள்ளயேதான் இருப்பீங்க, பக்கவாட்டுல நீந்தி விலகணும். என் ஃபின்ல அது கடிச்ச தடம் இன்னும் இருக்கு.

வேற ஒரு குரூப்போட கைடு ஒருத்தர் பேத்தை மீன குச்சியால குத்தி உப்ப வச்சு கஸ்டமருக்கு படம் எடுக்கக் குடுத்தத பார்த்தேன். அது உப்பறது பயத்துல. சிரிக்கற மாதிரி தெரியற அந்த மூஞ்சி சாவுக்கு பயந்து காத்துக்குப் பதிலா தண்ணிய முழுங்கி நிக்கற மூஞ்சி. அப்படி எடுத்த படத்த யாராவது காட்டினா பாராட்டாதீங்க, எடுக்கச் சொல்லி கைடுகிட்ட கேக்கவும் செய்யாதீங்க. நாம கேக்கறதாலதான் அவங்க செய்யறாங்க, டிப்ஸ் குடுக்கறதும் நாமதான்.

காத்து. கேமரா கையில இருந்தா டேங்க்ல காத்து எவ்வளவு மிச்சம்னு காட்டற கேஜ பார்க்க மறந்துரும், இது எல்லாருக்கும் நடக்கும். ‘தி வால்’னு இங்கிலீஷ்ல பேர் வச்ச ஒரு ஸ்பாட், செங்குத்தா இறங்கற பாறைச் சுவர், நிறைய மென்பவளம், அதுல ஒரு கலவா மீன் வாயத் தொறந்து நிக்க, சின்னதா நீல வரி போட்ட மீன் அது பல்லுக்குள்ள போயி சுத்தம் பண்ணிட்டு இருக்கு. அத எடுத்துட்டு இருந்தேன். தம்பி வந்து கேஜ தட்டிக் காட்டினான், 60 பார். ஆழம் 17 மீட்டர். பதறல, ஆனா கை சில்லுன்னு ஆச்சு. அன்னில இருந்து ஒரு பழக்கம், அஞ்சு படத்துக்கு ஒரு தடவ கேஜு, அப்புறம் கூட வந்தவர் எங்கன்னு ஒரு பார்வை. இந்த அழுத்தத்துக்கு சொல்ற பார்ங்கற வார்த்தைய மொதல்ல கேட்டப்ப எனக்கு கொஞ்ச நேரம் குழப்பமாவே இருந்துச்சு, ஏன்னா எங்க ஊர்ல பார்னா கடலுக்குள்ள இருக்கற பாறைத் திட்டு, முத்துப் பார், சங்கு எடுக்கற பார்.

மேல வர்றப்ப 5 மீட்டர்ல மூனு நிமிஷம் நிக்கறத எவ்வளவு நல்ல படம் கிடைச்சாலும் விடக் கூடாது. எனக்கு இத யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, பெரியப்பாவோட இடது கால் சொல்லிக் குடுத்துச்சு. ஹோஸ கடிச்சுக்கிட்டு ஒரே நாள்ல பல தடவ இறங்கி ஏறினவங்க அவங்க, எவ்வளவு நேரம் எவ்வளவு ஆழம்னு கணக்கு சொல்ல ஆளும் கிடையாது கருவியும் கிடையாது. ஒரு நாள் வேகமா ஏறி வந்து போட்ல உக்காந்தவருக்கு இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு. அழுத்தத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் சோடா பாட்டில தொறந்த மாதிரி குமிழா வந்துரும், அத ஆஸ்பத்திரியில அழுத்த அறைக்குள்ள வச்சு சரி பண்ணணும்னு அன்னிக்கு வீட்டுல யாருக்கும் தெரியாது, எண்ணெய் போட்டு தேய்ச்சு விட்டாங்க. இப்பவும் அந்தக் கால இழுத்துத்தான் நடப்பாரு. அதே காரணத்துக்காகத்தான் ஃப்ளைட்டும், பல நாள் டைவ் அடிச்சிருந்தா கடைசி டைவுக்கு அப்புறம் குறைஞ்சது 18 மணி நேரம் ஃப்ளைட் ஏறக் கூடாது, ஹேவ்லாக்ல இருந்து கப்பல்ல போர்ட் பிளேர் வந்து அங்க ஒரு ராத்திரி தங்கற மாதிரி ப்ளான் பண்ணிக்கங்க, கடைசி நாள் காலையில ஒரு டைவ்னு பேராசைப்படாதீங்க.

ஹவுசிங் பத்தி சுருக்கமா. மூடியில இருக்கற ஓ-ரிங்ல, அதான் ரப்பர் வளையத்துல, ஒரு முடி இருந்தா போதும், தண்ணி உள்ள வந்துரும். எனக்கு வந்துச்சு, 12 மீட்டர்ல பார்க்கறேன், கண்ணாடிக்குள்ள நாலு சொட்டு உருளுது. அந்தக் கேமரா தனியாவே 15 மீட்டர் தாங்கும்கறதால பிழைச்சுது. அப்போ மனசு சடார்னு மேல போகச் சொல்லும், போகாதீங்க, கேமரா போனா வாங்கிக்கலாம். முந்தின நாள் ராத்திரியே ஏசி ரூம்ல உக்காந்து, ஓ-ரிங்க விரலால தடவிப் பார்த்து, மெல்லிசா சிலிக்கான் கிரீஸ் தடவி, சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்ன உள்ள போட்டு மூடிருங்க. போட்ல வச்சு தொறந்தா ஈரக் காத்து உள்ள மாட்டி, கீழ தண்ணி குளிர்ச்சிக்கு கண்ணாடி பூராவும் பனி படிஞ்சுரும். டைவ் முடிஞ்சதும் நல்ல தண்ணியில அரை மணி நேரம் ஊறப் போட்டு ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி அமுக்கி விடுங்க, உப்பு உள்ள காஞ்சுருச்சுன்னா பட்டன் இறுகிரும். கேமராவோட கயிற ஜாக்கெட்ல கிளிப் போட்டு மாட்டுங்க, தொங்க விடாதீங்க, தொங்கற எதுவும் பவளத்துல இழுபடும். சன் ஸ்கிரீனுக்குப் பதிலா ரேஷ் கார்டுன்னு சொல்ற முழுக்கை நீச்சல் சட்டை போடுங்க, சில வகை சன் ஸ்கிரீன்ல இருக்கற ஆக்சிபென்ஸோன் பவளத்துக்கு ஆகாது, ஹவாய்ல 2021-ல இருந்து அத விக்கவே தடை.

மூனாவது ட்ரிப் 2024 பிப்ரவரி. லைட்ஹவுஸ்ல அதே இடத்த தேடிப் போனேன். நான் ஒடிச்ச கிளையோட நுனி மூடிருந்துச்சு, பக்கத்துல ரெண்டு புது மொட்டு, நுனி மட்டும் வெளிர் ஊதா. மணல்ல விழுந்த துண்டு பாசி படிஞ்சு செத்துப் போயிருந்துச்சு. படம் எடுக்கல, பார்த்துட்டு மட்டும் வந்தேன். அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஏப்ரல்ல உலக அளவுல நாலாவது பெரிய வெளுப்புன்னு விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க, லட்சத்தீவுல பயங்கர அடி. தம்பிக்கு ஃபோன் போட்டு அந்த மொட்டு என்னாச்சுன்னு கேக்க பல தடவ எடுத்து பல தடவ வச்சுட்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப படங்கள டிவியில போட்டு பெரியப்பாவுக்கு காட்டினேன். அந்த நூடிபிராங்க் படமும் வந்துச்சு, நான் தள்ளி விடல. அவரு நத்தையப் பார்க்கல. "ஓரத்துல என்னல வெள்ளையா பறக்கு"ன்னு கேட்டாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் "நாங்க கடப்பாறை கொண்டுட்டுப் போனோம்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த படத்த போடச் சொன்னாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை பாகம் ஆழம், நீவாடு, அதான் நீரோட்டம், எப்படி, தண்ணி தெளிவா கலங்கலான்னு கேள்வி. நான் இங்கிலீஷ்ல பேர் போட்டு வச்சிருந்த மீனுக்கெல்லாம் அவரு பேரு சொல்லிட்டே வந்தாரு, இது செப்பிலி, இது ஓரா, இது அழுங்காமை இத திங்கப்படாது, நான் லேப்டாப்ல ஒன்னொன்னா பேர மாத்திட்டே வந்தேன். கோமாளி மீன் வந்தப்ப மட்டும் நிறுத்திட்டாரு. எங்க பார்லயும் இது கெடக்கும், நெறய பார்த்திருக்கேன்னாரு. இதுக்கு என்ன பேரு பெரியப்பான்னு கேட்டேன்.

"விக்காத மீனுக்கு எவம்ல பேரு வச்சான்."